ஒரு ரோலுக்கு 36 கிளிக்தான்! ஃபிலிம் கேமராவைத் தேடிப் பிடிக்கும் புதுத் தலைமுறை

மயிலாப்பூர் குளக்கரையிலோ, காசிமேடு மீன்பிடித் துறைமுகத்திலோ ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் போய் நின்று பாருங்கள். கேமராவும் கையுமாகச் சுற்றும் இளைஞர் கூட்டம் ஒன்று கண்ணில் படும். அதில் ஒருவர் கையில் மட்டும் கனமான, பழைய உலோகக் கேமரா இருக்கும். பூ கட்டும் அம்மாவை ஒரு படம் எடுப்பார். ஒன்றே ஒன்று. "எங்கே, காட்டு பார்ப்போம்" என்பார் அந்த அம்மா. பிள்ளை சிரித்துக்கொண்டே கேமராவைத் திருப்பிக் காட்டும். பின்னால் திரையே இருக்காது. வெறும் கறுப்பு மூடி.

எடுத்த படத்தைப் பார்க்க ஒரு வாரமாவது ஆகும். ரோல் முடியாவிட்டால் ஒரு மாதம்கூட ஆகலாம்.

இதை 'மலரும் நினைவுகள்' கணக்கில் சேர்த்துப் பேசுவது இப்போது வழக்கமாகிவிட்டது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. 2000-க்குப் பிறகு பிறந்த பிள்ளைகளுக்கு ஃபிலிம் ரோலைப் பற்றி மலர்வதற்கு என்ன நினைவு இருக்கிறது? விபூதி போட்டு வைக்கும் சின்ன டப்பா ஒரு காலத்தில் ஃபிலிம் ரோல் டப்பாவாக இருந்தது என்பதே அவர்களில் பலருக்குச் செய்தி. இது அவர்களுக்குப் பழசு இல்லை, புத்தம் புதுசு. போன் ஆப்களில் 'பழைய ஃபிலிம் மாதிரி' ஃபில்டர் போட்டுப் போட்டு, 'அந்த ஒரிஜினல் எப்படித்தான் இருக்கும்?' என்று தேடி வந்தவர்கள் இவர்கள். தேடி வந்த இடத்தில் வேறு ஒன்று சிக்கிக்கொண்டது. அதுதான் கணக்கு!

எண்ணி எண்ணி எடுக்கணும்

நம் வீடுகளில் ஃபிலிம் ரோல் எப்படிச் செலவானது என்று கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். பொங்கலுக்கு நாலு படம், ஸ்கூல் ஆண்டு விழாவில் ஆறு, திருச்செந்தூர் போனபோது பத்து. "ரோல் முடியட்டும், கழுவப் போடலாம்" என்று ஆறு மாதம் கேமரா பீரோவில் காத்திருக்கும். 36-க்கு மேல் ஒன்றிரண்டு கூடுதலாக விழுந்தால் லாட்டரி அடித்த மாதிரி. வாண்டுகள் தொல்லை தாங்காமல் போட்டோகிராபர் ரோல் இல்லாமலேயே ஃப்ளாஷை மட்டும் அடித்துச் சமாளித்த கதை, ஏறத்தாழ எல்லாக் கல்யாண வீட்டிலும் உண்டு.

அன்றைக்கு அது கட்டாயம். இன்றைய பிள்ளைகள் அந்தக் கட்டுப்பாட்டைக் காசு கொடுத்து வாங்குகிறார்கள்.

காசு என்றால் கொஞ்சக் காசு இல்லை. நல்ல கலர் ரோல் ஒன்று ஆயிரம் ரூபாயைத் தொட்டுவிட்டது, சில வகைகள் தாண்டியும் விட்டன. கழுவ, ஸ்கேன் செய்ய என்று லேப் செலவு தனி. எல்லாம் சேர்த்து வகுத்துப் பார்த்தால், ஒரு கிளிக் நாற்பது ரூபாய் பக்கம் வந்து நிற்கும். நாற்பது ரூபாயை விரல் நுனியில் வைத்துக்கொண்டு கண்டபடி அழுத்த முடியாது. வெளிச்சம் போதுமா, முகம் சரியாகத் திரும்பியிருக்கிறதா, பின்னால் யாராவது குறுக்கே வருகிறார்களா... எல்லாம் பார்த்துவிட்டுத்தான் மூச்சைப் பிடித்துக்கொண்டு அழுத்த வேண்டும். இது வசதியான வீட்டுப் பிள்ளைகளின் விளையாட்டு என்று யாராவது சொன்னால், பாதி உண்மைதான். மீதிப் பாதியைப் பின்னால் பார்ப்போம்.

செத்துப் பிழைத்த தொழில்

ஃபிலிம் கதை முடிந்துவிட்டது என்றுதான் உலகமே நினைத்தது. போலராய்டு நிறுவனம் 2008-ல் தன் உடனடிப் படத் தாள் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்தது. புகழ்பெற்ற கோடாக்ரோம் 2009-ல் நிறுத்தப்பட்டது. 2012 ஜனவரியில் கோடாக் நிறுவனமே திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றம் போனது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. 1975-ல் டிஜிட்டல் கேமராவை முதன்முதலில் செய்து காட்டிய ஸ்டீவன் சாசன், கோடாக்கின் சொந்த இன்ஜினீயர்!

பிறகு காற்று திரும்பியது. அதே கோடாக், தேவை கூடியதால் 2024 நவம்பரில் தன் ஆலையைச் சில வாரங்கள் நிறுத்திப் புதுப்பித்தது. இங்கிலாந்தின் ஹார்மன் நிறுவனம் (இல்ஃபோர்டு கறுப்பு வெள்ளை ஃபிலிம் இவர்களுடையதுதான்) 2023 டிசம்பரில் 'ஃபீனிக்ஸ்' என்ற புதுக் கலர் ஃபிலிமைக் கொண்டுவந்தது. நோலனின் 'ஓப்பன்ஹைமர்' படத்துக்காகவே கோடாக் 65 மி.மீ. கறுப்பு வெள்ளை ஃபிலிமைப் புதிதாகத் தயாரித்துக் கொடுத்தது. 2024 ஜூனில் 'பென்டாக்ஸ் 17' என்ற புத்தம் புதிய ஃபிலிம் கேமரா கடைக்கு வந்தது. ஒரு ஃபிரேமில் பாதியை மட்டும் பயன்படுத்தும் கேமரா அது. 36 ரோலில் 72 படம். சாதாரணமாகப் பிடித்தாலே படம் நெடுவாக்கில் விழும், நம் போன் திரை மாதிரியே. யாரை மனதில் வைத்துச் செய்தார்கள் என்று தனியாகச் சொல்ல வேண்டுமா?

இத்தனை பெயர் சொல்லிவிட்டேன், ஒன்றுகூட நம் ஊர்ப் பெயர் இல்லை. ஆனால், நமக்கும் ஒன்று இருந்தது.

ஊட்டியில் பிறந்த 'இந்து'

ஊட்டியில் 'இந்து நகர்' என்று ஒரு பகுதி உண்டு. சுற்றுலா போகிறவர்கள் பெயர்ப்பலகையைப் பார்த்துவிட்டு வேறு எதையோ நினைத்துக்கொண்டு கடந்துபோவார்கள். இந்து என்றால் நிலா. அது ஒரு ஃபிலிமின் பெயர்.

ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ், சுருக்கமாக ஹெச்.பி.எஃப். 1960-ல் மத்திய அரசு தொடங்கிய பொதுத்துறை நிறுவனம். பிரான்சின் பௌஷே நிறுவனத்திடம் தொழில்நுட்பம் வாங்கி, 1967-ல் உற்பத்தி ஆரம்பமானது. ஃபிலிம் தயாரிப்புக்குத் தூசு ஆகாது, வெக்கை ஆகாது. நீலகிரிக் குளிர் அதற்கு வெகு பொருத்தம். ஒளி பட்டால் கெட்டுப்போகிற பொருள் என்பதால், ஃபிலிம் மேல் மருந்து பூசுவதில் தொடங்கி வெட்டி உருளையில் சுற்றுவதுவரை பெரும்பாலும் இருட்டில்தான் வேலை. கண்ணை நம்பாமல் கையை மட்டும் நம்பிச் செய்த தொழில் அது.

கறுப்பு வெள்ளை ரோல், பிரிண்ட் போடும் தாள், ஆஸ்பத்திரிக்கு எக்ஸ்ரே ஃபிலிம் என்று 'இந்து' முத்திரையுடன் நாடு முழுக்கப் போனது. உங்கள் வீட்டில் எழுபதுகளில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம் இருந்தால், அது ஊட்டி ஃபிலிமில் எடுத்ததாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு.

பலரும் நினைப்பதுபோல இந்த ஆலையை முதலில் வீழ்த்தியது செல்போனும் டிஜிட்டல் கேமராவும் இல்லை. மக்கள் கலருக்குத் தாவினார்கள். புது எக்ஸ்ரே ஃபிலிம் ஆலைக்குப் பெரிய முதலீடு போட்டார்கள். தொண்ணூறுகளில் இறக்குமதி வரி குறைந்ததும் வெளிநாட்டு ஃபிலிம் மலிவாக வந்து குவிந்தது. டிஜிட்டல் கேமரா நம் கைக்கு வருவதற்கு முன்பே, தொண்ணூறுகளின் நடுவில், இது நலிந்த நிறுவனமாகிவிட்டது. அதன்பிறகு நடந்தது நீண்ட இழுபறி. கடைசியில் மிச்சமிருந்த தொழிலாளர்களுக்கு விருப்ப ஓய்வு கொடுத்து, கதவை இழுத்துச் சாத்தினார்கள்.

இன்று சென்னையிலோ கோவையிலோ ஒரு கல்லூரி மாணவி ரோல் வாங்கினால், அது அமெரிக்காவிலிருந்தோ, இங்கிலாந்திலிருந்தோ, செக் நாட்டிலிருந்தோ கப்பல், விமானம் ஏறி, சுங்கவரி கட்டி வர வேண்டும். நாற்பது ரூபாய்க் கணக்கில் இந்த வழிச்செலவும் சேர்ந்திருக்கிறது.

இதற்கு நம் பிள்ளைகள் கண்டுபிடித்த குறுக்குவழி, சினிமா ஃபிலிம். படப்பிடிப்புக்கான நீள ஃபிலிமை வாங்கி, இருட்டில் அளந்து வெட்டி, பழைய ரோல் கூடுகளில் சுற்றிப் பயன்படுத்துகிறார்கள். கடையில் வாங்குவதைவிடச் செலவு குறையும். ஒரு எச்சரிக்கை மட்டும்: சினிமா ஃபிலிமில் பலவற்றுக்குப் பின்பக்கம் கரிப்பூச்சு ஒன்று இருக்கும். விவரம் சொல்லாமல் அதைச் சாதாரண கலர் லேபில் கொடுத்தால், அந்தக் கரி இயந்திரத்தில் கலந்து அடுத்தவர் படங்களையும் சேர்த்துக் கெடுத்துவிடும். முதலில் சொல்லிவிடுங்கள்.

குளியலறையில் ஒரு டார்க் ரூம்

மீதிப் பாதி என்று சொன்னேன் அல்லவா? அது இங்கேதான். கறுப்பு வெள்ளை ஃபிலிமை வீட்டிலேயே கழுவலாம். லேப் செலவு மிச்சம். ஃபிலிம் சுற்றிப் போட ஒரு டாங்க், ஒரு தெர்மாமீட்டர், டெவலப்பர், ஹைப்போ. ஒருமுறை வாங்கிவிட்டால் நாலைந்து நண்பர்கள் பங்கு போட்டுக்கொள்ளலாம். பலர் அப்படித்தான் செய்கிறார்கள்.

உள்ளே நடப்பது இதுதான். ஃபிலிமில் பூசியிருப்பது வெள்ளி உப்பு. ஒளி பட்ட இடத்து உப்பை டெவலப்பர் நுண்ணிய வெள்ளித் துகளாக மாற்றும். அது நம் கண்ணுக்குக் கறுப்பாகத் தெரியும். ஒளி படாத உப்பை ஹைப்போ கரைத்து எடுத்துவிடும். அதனால்தான் நெகட்டிவில் வெள்ளைச் சட்டை கறுப்பாகவும், கறுத்த முடி வெளுப்பாகவும் இருக்கிறது. தாத்தாவின் கறுப்பு வெள்ளை நெகட்டிவில் இருப்பது சாட்சாத் வெள்ளி. அந்தக் காலத்தில் ஸ்டூடியோக்களின் பழைய ஹைப்போவைக்கூட வெள்ளிக்காக விலை கொடுத்து வாங்கிப் போவார்கள்.

சினிமாவில் காட்டும் சிவப்பு விளக்கை நம்பி இறங்கிவிடாதீர்கள். அது தாளில் பிரிண்ட் போடும்போது. ஃபிலிமை டாங்கில் ஏற்றும்போது சிவப்பு விளக்கும் ஆகாது, கும்மிருட்டு வேண்டும். ரோலை உடைத்து, சுருளில் ஏற்றி, டாங்கை மூடும்வரை விரல்தான் கண். கெட்டுப்போன ஒரு ரோலை வைத்து, முதலில் பகல் வெளிச்சத்தில் பத்து முறை பழகிக்கொள்வது புத்திசாலித்தனம்.

இதில் நம் ஊருக்கே உரிய தலைவலி ஒன்று உண்டு, வெயில். கறுப்பு வெள்ளை டெவலப்பருக்குப் புத்தகம் சொல்லும் வெப்பநிலை 20 டிகிரி செல்சியஸ். மே மாதச் சென்னையில் குழாய்த் தண்ணீரே 30 டிகிரிக்கு மேல்! சூடு கூடினால் மருந்து வேகமாக வேலை செய்யும். 20 டிகிரியில் ஏழரை நிமிடம் எடுக்கும் ஃபிலிம், 24 டிகிரியில் ஐந்து நிமிடத்தைச் சற்றுத் தாண்டியதுமே தயாராகிவிடும். அதற்கும் மேலே போனால் நேரம் பிடிபடாது, படமும் சீராக வராது. ஆகவே ஃப்ரிட்ஜில் ஐஸ் கட்டி தயார். மருந்து பாட்டிலை ஐஸ் தண்ணீர் வாளியில் நிறுத்தி வைக்க வேண்டும். ஐஸை மருந்துக்குள்ளேயே போட்டால் மருந்து நீர்த்துவிடும். கலர் ஃபிலிமுக்குக் கதை நேர் எதிர். அதற்கு 38 டிகிரி வேண்டும். சென்னைக்காரர்களுக்குத் தண்ணீரைச் சூடாக்கும் வேலை பாதி மிச்சம்.

டெவலப்பர் கிடைக்கவில்லையா? காபி போடுங்கள்! விளையாட்டு இல்லை. 1995-ல் அமெரிக்காவின் ராச்செஸ்டர் இன்ஸ்டிட்யூட் ஆஃப் டெக்னாலஜியில் ஸ்காட் வில்லியம்ஸ் என்ற பேராசிரியரும் அவருடைய மாணவர்களும், இன்ஸ்டன்ட் காபித்தூளும் சலவை சோடாவும் கலந்து ஃபிலிமைக் கழுவலாம் என்று காட்டினார்கள். பிறகு அதில் வைட்டமின் சி-யும் சேர்ந்துகொண்டது. இதற்குப் பெயர் 'காஃபினால்'. இன்ஸ்டன்ட் தூள்தான் இதற்குச் சரி, கும்பகோணம் டிகிரி காபிக்கு இங்கே வேலை இல்லை. மணத்தை எதிர்பார்த்து ஏமாறாதீர்கள், அந்தக் கலவை கொடுமையாக நாறும். வீட்டில் பாட்டியிடம் முன்கூட்டியே அனுமதி வாங்கிவிடுங்கள். காபியில் கழுவினாலும் கடைசியில் ஹைப்போ வேண்டும். இதற்கு எடுத்த பாத்திரம் திரும்பவும் சமையலறைக்குள் போகக்கூடாது. பயன்படுத்திய ஹைப்போவைக் கிணற்றடியிலோ செடியிலோ ஊற்றக்கூடாது.

லேபிலேயே கிடக்கும் நெகட்டிவ்

இத்தனை சிரத்தையோடு எடுக்கும் பிள்ளைகளில் பலர் செய்யும் ஒரு காரியம் எனக்குப் புரியவே இல்லை. லேபில் ரோலைக் கொடுக்கிறார்கள். ஸ்கேன் செய்த படங்கள் லிங்க்காக போனுக்கு வருகின்றன. இன்ஸ்டாவில் ஏற்றுகிறார்கள். நெகட்டிவை வாங்கிக்கொள்ளப் போவதே இல்லை! கேட்பாரில்லாத நெகட்டிவை லேப் எத்தனை நாள் வைத்திருக்கும்? சில மாதம் பார்த்துவிட்டுக் குப்பையில் போட்டுவிடும்.

போனில் வந்தது நகல். லேபில் விட்டு வந்ததுதான் அசல். இன்னும் நல்ல ஸ்கேனர் வந்தால் மறுபடி ஸ்கேன் செய்ய, பெரிதாகப் பிரிண்ட் போட, போன் தொலைந்தாலும் திரும்ப எடுக்க, அந்த நெகட்டிவ் இருந்தால்தான் முடியும். நாற்பது ரூபாய் கொடுத்து அழுத்திய கிளிக், கடைசியில் போன் கேலரியில் இன்னொரு படமாக முடிவதற்கு போனிலேயே எடுத்திருக்கலாமே.

இதைக் கொஞ்சம் கோபமாகச் சொல்லக் காரணம் உண்டு. லின்னேயஸ் டிரைப் என்ற ராணுவ அதிகாரி 1858-ல் மதுரையையும் தஞ்சாவூரையும் காகித நெகட்டிவில் படமெடுத்தார். கண்ணாடியும் இல்லை, பிளாஸ்டிக்கும் இல்லை, மெழுகு ஏற்றிய காகிதம். அந்தப் படங்களை இன்றும் பார்க்க முடிகிறது. அதற்கு நூறு வருஷம் கழித்து நம் ஊர் ஸ்டூடியோக்களில் எடுத்தவை? கடை மூடும்போது மூட்டை மூட்டையாக எடைக்குப் போனவையும், கரையானுக்குப் போனவையும்தான் ஏராளம். புதுச்சேரியில் உள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் தமிழ்நாட்டு ஸ்டூடியோக்களையும் குடும்பங்களையும் தேடிப்போய், மிஞ்சிய பழைய படங்களை டிஜிட்டலில் பதிவு செய்தார்கள். அவர்கள் போய்ச் சேர்வதற்குள் அழிந்தது எவ்வளவோ.

நெகட்டிவோடு சேர்ந்து போய்க்கொண்டிருப்பது கைவேலையும்தான். முகப்பருவையும் கண்ணுக்குக் கீழே கருவளையத்தையும் நெகட்டிவ் மேலேயே கூரான பென்சிலால் தொட்டுத் தொட்டு மறைத்த ஸ்டூடியோக்காரர்கள் ஒவ்வொரு ஊரிலும் இருந்தார்கள். இன்றைய ப்யூட்டி ஃபில்டருக்குத் தாத்தா முறை அது. அந்த அண்ணாச்சிகளுக்கு இன்று எழுபது வயதுக்குப் பக்கம் இருக்கும். யூடியூபில் அமெரிக்கர் சொல்லிக் கொடுக்கும் வீடியோவில் நம் ஊர்த் தண்ணீரும் இல்லை, வெக்கையும் இல்லை. மேலத்தெரு ஸ்டூடியோவில் முப்பது வருஷம் டார்க் ரூமில் நின்றவரிடம் இரண்டும் உண்டு. அவர் சும்மா உட்கார்ந்து பாஸ்போர்ட் சைஸ் பிரிண்ட் எடுத்துக்கொண்டிருக்கிறார். யாராவது போய்க் கேட்டால் சொல்ல மாட்டாரா என்ன? ஒரு டீ வாங்கிக் கொடுத்துக் கேட்டுப் பாருங்கள்.

பரணில் தேடுங்கள்

கேமரா வாங்கக் கிளம்புவதற்கு முன்னால் சொந்தக்காரர் வீட்டுப் பரண்களைப் பாருங்கள். யாஷிகா, கோடாக் கேபி 10, அக்ஃபா க்ளிக் 3 என்று ஏதாவது ஒன்று நிச்சயம் கிடக்கும். அக்ஃபா கிடைத்தால், அதற்கு அகலமான 120 ரோல், அதில் 12 படம்தான். பேட்டரி அறையில் பச்சை பூத்திருக்கிறதா, லென்ஸுக்குள் சிலந்தி வலை மாதிரி பூஞ்சை படர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். நம் ஊர் ஈரக்காற்றுக்குப் பூஞ்சைதான் முதல் எதிரி. காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வைத்தால் தப்பிக்கலாம். ரோல் போட்ட பிறகு ஒவ்வொரு முறை ஃபிலிமை நகர்த்தும்போதும் இடப்பக்கத்து ரீவைண்ட் குமிழ் சேர்ந்து சுற்றுகிறதா என்று கவனியுங்கள். சுற்றாவிட்டால் ஃபிலிம் மாட்டவே இல்லை, 36 படமும் காற்றில் எடுத்ததுதான். ஊருக்கு விமானத்தில் போனால் ரோலைக் கையில் எடுத்துக் காட்டி, ஸ்கேனில் போடாமல் பார்க்கச் சொல்லுங்கள். புது வகை சி.டி. ஸ்கேனர்கள் ஃபிலிமைக் கெடுத்துவிடும்.

ஆல்பத்தோடு பழைய நெகட்டிவ் உறைகள் கிடைத்தால் முகர்ந்து பாருங்கள். புளித்த வினிகர் வாடை வந்தால் அந்த ஃபிலிம் சிதையத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். அதை மற்றவற்றிலிருந்து பிரித்து வையுங்கள், முதலில் அதைத்தான் நகலெடுக்க வேண்டும். அவசரத்துக்கு ஸ்கேனர் தேவையில்லை. ஒரு போனில் வெள்ளைத் திரையை முழு வெளிச்சத்தில் வைத்து, சற்று மேலே ஒரு பட்டர் பேப்பர், அதன்மேல் நெகட்டிவ். இன்னொரு போனால் படமெடுத்து, நிறத்தைத் தலைகீழாக மாற்றும் ஆப்பில் போட்டால், பாட்டியின் கல்யாண முகம் தெரிந்துவிடும்.

பரண் கேமராவில் இன்னொன்றும் இருக்கலாம். பாதியில் நின்றுபோன ரோல். பின்மூடியைத் திறந்துவிடாதீர்கள்! முதலில் ரீவைண்ட் குமிழை மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். விரலுக்கு இறுக்கம் தெரிந்தால் உள்ளே ஃபிலிம் இருக்கிறது. இருபது முப்பது வருஷம் ஆகியிருந்தாலும் அதில் படம் பதிந்தபடியே இருக்க வாய்ப்பு உண்டு. முழுக்கச் சுற்றி எடுத்து, கறுப்பு வெள்ளை கழுவத் தெரிந்த ஒருவரிடம் கொண்டுபோங்கள். கலர் ரோலாக இருந்தாலும் கறுப்பு வெள்ளையாகவே கழுவச் சொல்லுங்கள். காலம் கடந்த ரோலில் அப்போதுதான் உருவம் தேறும். 36-லும் முகம் கிடைக்காது. நாலைந்து தேறினாலே பெரிய விஷயம். அந்த நாலைந்தில் யார் யார் இருக்கிறார்கள் என்று அடையாளம் சொல்லக்கூடிய பெரியவர் வீட்டில் ஒருவராவது இருக்கும்போதே இதைச் செய்துவிடுங்கள்.